நாற்பது மஞ்சள் டி-ஷர்ட்டும் ஒரு முழு நவம்பரும்

டி-ஷர்ட்டில் அப்போதுதான் ஏறிய பிரிண்டிங் இங்க்கின் வாசனை தெரியுமா உங்களுக்கு? கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ரப்பர்... பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் குடியிருந்த பின்கட்டு அறையில் அந்த வாசனையோடுதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அதற்கு முன் பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. பிரிண்டிங் செக்‌ஷனில் ஐந்து வருஷம், ஸ்கிரீன் சட்டத்தில் இங்க்கை இழுத்துத் துணியில் எழுத்து பதிக்கிற வேலை. ஊருக்கெல்லாம் ஸ்கிரீன் இழுக்கிற கை நமக்காக இழுத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. வேலையை விட்டேன்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். "சங்கராந்தி வரைக்கும் உன் எடத்துல வேற யாரையும் போட மாட்டேன் சுமதி. அதுக்குள்ள ஆர்டர் நிக்கலன்னா பேசாம வந்துடு" என்றார்.

அக்கறையில் சொன்னதுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. திரும்பப் போய் அந்த கேட்டில் நிற்கவே கூடாது என்று ஒரு வீம்பு.

கூட்டாளி ஸ்டெல்லா. வீட்டு ஓனர் மகள், என் வயசு. கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் வெளுத்துக் கட்டுவாள். நான் பிரிண்ட் போட, அவள் ஆர்டர் பிடிக்க என்று பேச்சு.

சீசன் பார்த்துத்தான் இந்தத் தொழில் பண்ண வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைப் பார்த்து நானே கட்டம் போட்டேன். தீபாவளி, கார்த்திகை, பொங்கல்... கிறிஸ்துமஸை ஸ்டெல்லா சேர்த்தாள். நவம்பர் ஒன்றில் 'ராஜ்யோத்சவ' என்று சின்னதாக எழுதினேன். கர்நாடக மாநிலம் உருவான நாள், பீன்யாவில் அன்றைக்கு லீவு. எனக்கு அது துணி துவைக்கிற நாள், அவ்வளவுதான்.

முதல் அடி தீபாவளியில். குடும்பத்தோடு ஒரே மாதிரி போட்டுக்கொள்ள மஞ்சள் டி-ஷர்ட் என்று திருப்பூரிலிருந்து மூட்டையாக வரவழைத்தோம். பெங்களூர்த் தமிழர்களெல்லாம் வாங்குவார்களாம்! பெங்களூர்த் தமிழர்கள் அந்த வாரம் ஓசூர் ரோட்டில், ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குள் இருந்தார்கள். மூட்டை அப்படியே நின்றது.

அப்போதுதான் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் நாகராஜண்ணா வந்தார். நாற்பது மஞ்சள் டி-ஷர்ட், முதுகில் சிவப்பில் ஸ்டாண்டு பெயர், கன்னடக் கொடியின் நிறத்தில், ராஜ்யோத்சவத்துக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டையைப் பிரித்து ஒரே மூச்சில் இழுத்தேன். பிரிண்ட் அடிக்க அடிக்க, மடித்து, அடுக்கி, கயிறு கட்டி... பீன்யாவில் அப்படித்தானே.

பீன்யாவில் நான் இழுத்ததெல்லாம் பெல்ட்டில் ஏறி, சூடான ட்ரையருக்குள் போய், காய்ந்து வந்த பிறகுதான் அடுக்குவார்கள். ஐந்து வருஷம் பார்த்தும் அது மண்டையில் ஏறவில்லை. இங்கே ட்ரையர் ஏது? வெளியே அக்டோபர் மழை வேறு.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் கட்டைப் பிரித்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின் முதுகு எழுத்து அடுத்ததன் மார்பில். நாற்பதும் போச்சு. உட்கார்ந்து அழுதேன். சங்கராந்தி வரை கூடத் தாங்கவில்லையே என்று அவமானமாக இருந்தது.

"அழுதது போதும், வா. நாமளே போய் சொல்லிடலாம்" என்று ஸ்டெல்லா இழுத்துக்கொண்டு போனாள்.

நாகராஜண்ணா ஒரு டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்தார். முகம் சிவந்தது. "ஏனம்மா இது? பசங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நாளைக்குள்ள எப்படியாவது..." என்று இழுத்தேன்.

"நாளைக்கா? நாளைக்கு காலைல கொடி ஏத்தி ஸ்வீட் குடுப்போம், அஷ்டே, அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ரா, சாப்பாடு எல்லாம் மூணாவது சண்டே. அதுக்குத்தானே டி-ஷர்ட்! நவம்பர் பூரா ராஜ்யோத்சவ தானேம்மா. டென்ஷன் மாட்கோபேடி, பதறாதேம்மா."

ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமா, மாசம் பூரா நடக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டும் ஒவ்வொரு சண்டே வெப்பாங்க. ஏன், உனக்குத் தெரியாதா?"

"சொல்ல மாட்டியாடி!"

"நீ கேக்கவே இல்லியே!"

அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். இதைப் போய் யாராவது சொல்வார்களா என்று இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் நவம்பரின் முப்பது கட்டத்தையும் மஞ்சள் ஸ்கெட்ச்சில் பூசினேன். 

மறுநாளே ஸ்டெல்லா கிளம்பிவிட்டாள். ஆட்டோ ஸ்டாண்டு, மார்க்கெட் சங்கம், அபார்ட்மெண்ட், ஐடி ஆபீஸ் என்று ஒன்றையும் விடவில்லை. "நிம்ம ராஜ்யோத்சவ யாவாக?", உங்க விழா எப்போ என்ற ஒரே கேள்வி. பதில் வர வரக் கட்டங்கள் நிரம்பின. நான் மூட்டையில் மிச்சமிருந்த டி-ஷர்ட்டில் அந்த நாற்பதையும் மறுபடி இழுத்து, அறைக்குள் துணிக்கொடி கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, காய்ந்ததும் மேலே துணி போட்டு அயர்ன் பண்ணினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை!

மூன்றாவது ஞாயிறு. நாற்பது பேரும் மஞ்சளில் நின்றார்கள். நாகராஜண்ணா மைக்கில் எங்கள் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வை போர்த்தினார். அவ்வளவு கைதட்டல் என் வாழ்க்கையில் அதுவரை கேட்டதில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். "சார், என் எடத்துக்கு வேற ஆள போட்டுடுங்க." அந்தப் பக்கம் அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது ஹெப்பகோடியில் ஷெட். ட்ரையர், ஆட்கள் எல்லாம் உண்டு. நவம்பருக்கு ஜூலையிலேயே ஆர்டர் பிடிக்கிறோம். கணேசா, தசரா, ஸ்போர்ட்ஸ் டே... எதற்கு எப்போது துணி எடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் போடப்போகிறவர் முகம்தான் தெரிவதில்லை. டிசைனும் சைஸ் லிஸ்ட்டும் போனில் வருகின்றன, பார்சல் போகிறது. அன்றைக்கு அந்த நாற்பது பேரில் யாருக்குப் பாக்கெட் வேண்டும், யார் தொப்பைக்கு டபுள் எக்ஸ்எல் என்பது வரை எனக்குத் தெரியும்.

அதனால் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டெல்லாவும் நானும் போனை அணைத்துவிட்டு, நாங்கள் டி-ஷர்ட் கொடுத்த ஏதாவது ஒரு விழாவுக்குப் போய்க் கூட்டத்தோடு நிற்கிறோம். ஆடுகிறவர்கள் முதுகிலெல்லாம் நாங்கள் போட்ட எழுத்து. அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. தொண்டை கட்டும்வரை விசில் அடித்துவிட்டு வருவோம்.