கம்பத்தில் நின்றவன்

சினிமாவில் கடலைக் காட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீருக்கு எடை உண்டென்பதே தெரியாது. நுரையை அள்ளி அள்ளிக் கொட்டுவார்கள், கப்பல் தெர்மோகோல் துண்டுபோலக் குதிக்கும், பின்னணியில் வயலின்கள் கதறும். எனக்கு எரிச்சலாக வரும். நான் நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துப் படி இறங்குவதை ஸ்லோமோஷனில் இழுத்துக் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு வாய் ஆகாதுதான். ஆனாலும் கடற்கரையில் பிறந்தவன், கண் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

அந்த ஒரு படத்தில் மட்டும் கடல் கடலாக இருந்தது. ராஜா, மந்திரவாள், பறக்கும் மிருகம் என்று எல்லாம் உள்ள பிரமாண்டப் படம். இடைவேளைக்குப் பிறகு ஒரு கப்பல் மூழ்கும். அலை எழும்பத் தொடங்கியதும் இசையை நிறுத்திவிட்டார்கள். கயிறு முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கேமரா அலையைக் காட்டவேயில்லை, அதைப் பார்த்து நிற்கிறவர்களின் முகங்களைக் காட்டியது. ஒரு முகம், அடுத்து இன்னொன்று, கடைசியாகப் பாய்மரக் கம்பத்தின் மேலே கயிற்றைப் பிடித்து நின்ற ஒருவனின் முகம். வெட்டவேண்டிய இடம் தாண்டியும் அந்த முகத்திலேயே நின்றார்கள். அதற்கப்புறம்தான் தண்ணீர் விழுந்தது, மதில் இடிந்து விழுவதுபோல ஒரே கட்டியாக. கம்பம் முறிந்து, அவன் கயிற்றோடு போனான். அதை எடிட் செய்த மனுஷன் எந்த ஊர்க்காரனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. அப்போது என் கையைப் பிடித்திருந்தவள் பக்கத்தில் இருந்த அம்மா. நகம் பதிந்துவிட்டது.

கடல் வருமென்று தெரிந்திருந்தால் அவளைக் கூட்டிப்போயிருக்கமாட்டேன். டிரெய்லரில் அதைக் காட்டவில்லை.

என் தம்பி போன விசைப்படகு ஒரு புயலில் திரும்பி வரவில்லை. வருடங்களாகிவிட்டன. கூடப் போனவர்களில் சிலருடைய உடல்கள் கிடைத்தன, அவனுடையது கிடைக்கவில்லை. அதனால் அம்மா அவனுக்கு இரங்கல் பூசை வைக்க யாரையும் விடவில்லை. மாதம் தவறாமல் அவனுடைய செல்போன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். செய்யாவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். நானும் செய்துவந்தேன். அந்த நம்பரைக் கூப்பிட்டால் ஒரு பெண், மூன்று மொழிகளில், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்வாள்.

இந்த வருடம் எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு முடிவெடுத்தார்கள். கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிக் கல்லறைத் தோட்டத்தில் நடுவது என்று. மற்ற வீடுகளில் சம்மதித்துவிட்டார்கள். அம்மாவிடம் பங்குச்சாமியார் பலமுறை வந்து பேசினார். ஒருநாள் சாளை மீனை அரிந்துகொண்டே, தலையைத் தூக்காமல், “செரி சாமி, வெட்டுங்க” என்றாள். அந்த மாதம் ரீசார்ஜ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் துக்கத்தினால் அல்ல. கல்லறைத் திருநாளன்று ஊரில் எல்லோரும் தங்கள் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான் திரியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரர்களின் கல்லறையில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கும் நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அது கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில்தான் அவளைப் படத்துக்கு அழைத்தேன்.

தியேட்டரில் அவள் அழவில்லை. மறுநாள் காலையில் சாயாவை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் பயலுவ எல்லாம் என்ன ஆனானுவ மக்கா?”

“எந்தப் பயலுவ?”

“கப்பல்ல நின்னவனுவ.”

“அது நடிப்பும்மா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல்ல.”

அவள் நம்பவில்லை. ஆகவே அந்தக் காட்சியை எடுத்த விதத்தைக் காட்டும் வீடியோ ஒன்றைப் போனில் தேடிப் போட்டேன். பெரிய குடோன் போன்ற ஒரு கொட்டகை, சுற்றிலும் நீலத்துணி. நடுவே தொட்டி, அதில் இயந்திரத்தின் மேல் ஆடுகிற பாதிக் கப்பல். உயரத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தூரத்துக் கடலைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள், ஆனால் மேலே விழுகிற தண்ணீர் நிஜம், அதனால்தான் அடி வாங்குகிற உடம்பு பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா அதைக் கேட்கவேயில்லை. யாரோ சத்தம் கொடுக்க, இயந்திரம் நின்றது. மூழ்கியவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரிலிருந்து இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எழுந்தார்கள். கரையில் நின்றவர்கள் அவர்களைத் துண்டால் போர்த்தி, குடிக்கச் சூடாக என்னவோ கொடுத்தார்கள்.

“எழும்பி வாறானுவளே” என்றாள் அம்மா.

“அதத்தானே சொன்னேன்.”

“தோர்த்து குடுக்கது ஆரு?”

“அதுக்குன்னு ஆளு வச்சிருப்பாங்க.”

“இன்னொருக்கா போடு.”

போட்டேன். மறுபடியும் கேட்டாள். அன்று எனக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. அவளுடைய போனில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்தபோது வாசலிலேயே போனை நீட்டினாள். “மேல கம்பத்துல நின்னானே, அவன் எங்க?”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. கம்பத்தில் நின்றவன் முறிந்த கம்பத்தோடு தொட்டிக்குள் விழுகிறான். மற்றவர்கள் எழுகிறார்கள். அவன் தலை தெரிவதற்குள் வீடியோ தாவி, நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற இயக்குநருக்குப் போய்விடுகிறது. நானாக இருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். அதற்குமேல் அந்த ஷாட் தாங்காது.

“வீடியோவ அங்க வெட்டிட்டாங்கம்மா.”

“வெட்டுனா?”

“அதுக்குப் பெறவு உள்ளத நமக்குக் காட்டல்ல, அவ்வளவுதான். அவனும் எழும்பி வந்திருப்பான்.”

“வந்திருப்பான், இல்லியா?”

“பின்ன வராம?”

தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

“சாமியாருகிட்ட சொல்லிரு, கல்லுல இவன் பேரு வெட்டாண்டாம்.”

“அம்மா, அது தொட்டி. இடுப்பளவு தண்ணி.”

“தெரியும்.”

“கடலு அப்படி இல்லம்மா.”

“தெரியும்னு சொன்னம்லா.”

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள். சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் எந்தக் கோலத்தில் வந்தன என்பது எனக்குத் தெரியும், அடையாளம் காட்டப் போனவன் நான். அதில் ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுக்களையிலிருந்து கேட்டாள். “அவன் நம்பருக்கு இந்த மாசம் ரீசார்ஜ் செய்தியா?”

செய்திருக்கவில்லை. அங்கேயே நின்று செய்தேன்.