முதல் எழுபது எழுத்து

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு எழுபது எழுத்துத்தான் இடம். காலும் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக இடம் கேட்கும். மிஞ்சினால் ஃபோன் அதைத் துண்டுகளாக்கி அனுப்பும். பிட், பைட் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட விட இதைப் பலகையில் எழுதிக் காட்டுகிற மாஸ்டர் நான்தான்.

அன்று மனைவியின் தம்பியோடு படகில் சும்மா போயிருந்தேன். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நானும் மச்சான். எங்கள் ஊர் கற்பிட்டிக்கு மேற்கே கரை கோடாகத் தெரிகிற தூரத்தில் இஞ்சின் நின்றுவிட்டது. வாடைக்காற்று எங்களை இன்னும் வெளியே தள்ளியது. மச்சானின் ஃபோன் நனைந்து செத்திருந்தது. என்னுடையதில் சிக்னல் வந்து வந்து போனது, அழைப்பு எடுபடவில்லை.

ஊர் வழக்கப்படி மனைவிக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஸலாம் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, பிறகுதான் விஷயம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"குரலுக்குப் பாரம் கூட, மச்சான். எழுதி அனுப்புங்களே. நீங்கதானே கொம்பியூட்டர் மாஸ்டர்?"

எழுதினேன். அவள் பயப்படக் கூடாதே என்று, ஸலாமுக்கு அடுத்து, "உன் தம்பி என்ன மாலைதீவுக்குக் கூட்டிட்டுப் போறான், பாஸ்போட் தேவல்லயாம்" என்றேன். இஞ்சின் கதை கடைசியில். முதல் துண்டு மட்டும் போய்ச் சேர்ந்தது.

பதில் வந்தது: "இண்டைக்கும் பகிடியா? சோறு ஆறுது. வாங்க."

மச்சான் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. கரைக்கோடு மெலிந்திருந்தது. ஃபோனில் பற்றரி சிவப்பு.

"ஸலாமும் வேணாம் மச்சான். அல்லாஹ் மன்னிப்பான். சுருக்கிப் போடுங்க."

விரல் மடக்கிக் கொம்புகளை எண்ணி எழுதினேன்: "இஞ்சின் நிண்டுட்டு. பள்ளிவாசலுக்கு நேர மேற்க. படகு அனுப்பு."

போனது. உடனே ஃபோனும் அணைந்தது.

"ராத்தா நம்புவாவா?" என்று தன் அக்காவைப் பற்றிக் கேட்டான் மச்சான்.

கல்யாணமான நாள் முதல் அவளை ஏமாற்றிச் சிரித்தவன் நான். வெயில் சாய்ந்தது. கரைப்பக்கம் ஒரு புள்ளி தெரிந்து, அது படகாகப் பெருத்தபோதுதான் மச்சான் அழுதான். என் கண்ணில் இருப்பது உப்புத்தண்ணி என்றேன்.

அவள் கரையில் நின்றாள். "பகிடி இல்லாம உங்கக்கிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்ததே இல்ல," என்றாள். "அதான் சோத்த அப்படியே விட்டுட்டுப் படகுக்காரங்ககிட்ட ஓடினேன்."

இப்போது பேக்கரி வாசலில் நின்று "பாண் வாங்கவா?" என்று அனுப்பினால்கூட உடனே அழைத்து, மூச்சு வாங்க, "எங்க நிக்கிறீங்க?" என்கிறாள். அதனால் பாணுக்கும் ஒரு பகிடி சேர்த்து, இரண்டு துண்டாகவே அனுப்புகிறேன்.