அண்ணனின் சட்டைப்பையில் இருந்த தந்தி

அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைப் பெற்றுக்கொண்ட உறவினரும் நண்பர்களும் மூன்றாம் பக்கத்தில் உள்ள படத்தை ஒருமுறை பார்க்கும்படி வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன். அது என் திருமணத்தில் எடுத்தது. நான் கை ஏந்தி நிற்க, அண்ணன் என் கையில் பொரி இடுகிறார். அவருடைய வெள்ளைச் சட்டையின் பையில் மடித்து வைத்த ஓர் உறையின் மூலை தெரியும். அது மொய்க் கவர் என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஒரு தந்தி. படம் எடுத்த நேரத்தில் அதை யாரும் பிரித்திருக்கவில்லை.

அண்ணன், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில், 1935ஆம் ஆண்டு மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த வாரத்தில் பிறந்தார். நகராட்சி மன்றமான மேரியில் பிரெஞ்சு மொழியில் எழுதிக் கொடுத்த பிறப்புச் சீட்டை அப்பா இன்றும் வைத்திருக்கிறார். எங்கள் அம்மா எனக்கு ஒன்பது வயதில் காலமானார். அதன் பிறகு அப்பாவின் தங்கையான அத்தைதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் வராது. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

சென்னைக் கல்லூரியில் சேர வேண்டுமானால் எல்லைக்கு அப்பால் படித்திருக்க வேண்டும் என்று அண்ணனுக்கு யாரோ சொன்னார்கள். ஆகவே தினமும் வாஞ்சூர் சுங்கச் சாவடியைத் தாண்டி நாகூருக்குப் போய்ப் படித்தார். சாவடிக்காரர் ஒருவர் நாள் தவறாமல் பையைக் கிளறுவார்.

"என்ன தம்பி, புஸ்தகத்துக்குள்ள என்ன கடத்துறே?"

"அல்ஜிப்ராங்க. அந்தப் பக்கம் வெல போகல. திரும்பக் கொண்டு போறேன்."

பிறகு கும்பகோணத்தில் தங்கி இண்டர்மீடியட் முடித்தார். 1954இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தவர், எந்த நாட்டவர் என்று கேட்ட கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள், திங்கட்கிழமை, காரைக்காலில் கொடி மாறியது. மறு கோடையில் அந்தக் கட்டத்தை முதன்முறையாக நிரப்பினார். காப்பாளர் முகவரி என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினார். முடிவு தபாலில் வரும் என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருந்தது. தந்தி வரும் என்று எங்கும் இல்லை.

அதே ஆண்டு ஆனியில் எனக்குத் திருமணம் குறித்திருந்தது. வீட்டில் சந்தோஷம் இருந்தது, ஆனால் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. பெரியப்பா வியட்நாமில், சைகோனில் வேலையில் இருந்தார். சித்திரையில் அந்த ஊருக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை என்று பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. சமைக்கும்போதும் பாக்கு வெட்டும்போதும் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, பந்தக்கால் நட்டு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. தந்திச் சேவகர் வந்து அப்பாவின் பெயரைச் சொன்னார். அப்பாவுக்குக் கை நீளவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "டேய், பிரிக்காதே! பிரிச்சியோ, எல்லாம் போச்சு."

"என்னன்னு தெரிய வேணாமா அத்தை?"

"தெரிஞ்சாத்தாண்டா தீட்டு. காதுல விழாதவரைக்கும் ஒண்ணுமில்ல. பங்காளித் தீட்டு, பதினாறு நாள். மாப்ள வீட்டுக்காரங்க இந்தப் பந்தலக் கண்ணால பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. அப்புறம் இவளுக்கு எவன் வருவான்?"

அப்பா பந்தக்காலைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "நீதானே இங்கிலீஷ் படிப்பே. நீயே சொல்லுப்பா" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "தாலி ஏறட்டுங்கப்பா. எதுவா இருந்தாலும் அது வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டு நாள் அந்தச் சட்டையை அவர் மாற்றவில்லை. மெல்லிய துணி, உறையின் நிறம் வெளியே தெரிந்தது. அவர் வாழைமரம் கட்டினாலும் இலை போட்டாலும் எங்கள் கண் அங்கேதான் போகும். பெரியப்பா இறந்துவிட்டார் என்று நாங்கள் நால்வரும் மனத்தில் எழுதி முடித்துவிட்டோம். அந்த இரண்டு நாளில் அவர் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். பொரி இட்டபோது அண்ணன் என் கையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பாதிப் பொரி தரையில் விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் கொல்லைப்பக்கம் போய் அதைப் பிரித்தார். நான் மணக்கோலத்தோடு பின்னால் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்டதில்லை.

"பெரியப்பா நல்லாருக்காரு. இது அவரப் பத்தி இல்ல."

"பின்ன யாருண்ணே?"

"நான்தான்."

இடம் கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேராவிட்டால் அடுத்தவருக்குப் போகும் என்று அதில் இருந்தது. பட்டியல் தாமதமானதால் கடிதத்துக்குப் பதில் தந்தி கொடுத்திருந்தார்கள். அன்று அந்தப் பத்து மணிக்கு அண்ணன் எனக்குப் பொரி இட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ரயிலிலேயே சென்னைக்குப் புறப்பட்டார். கல்லூரி அலுவலகத்தில் நடந்ததை எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து தருகிறேன். மேலாளர் கேட்டாராம், "தந்தி செவ்வாயே வந்திருக்குமே தம்பி. ரெண்டு நாளா என்ன பண்ணினீங்க?"

"கல்யாணம் சார்."

"உங்களுக்கா?"

"தங்கச்சிக்கு."

"சரி, அதுக்கும் தந்தியப் பிரிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

'அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த அறையில் அதைச் சொல்ல வார்த்தை இல்லை' என்று அண்ணன் எழுதியிருந்தார். இடம் போய்விட்டது. ஆனால் அந்த மேலாளர் நல்ல மனிதர். அண்ணனின் கையெழுத்தைப் பார்த்து, அலுவலகத்தில் நகல் எழுதும் தற்காலிக வேலை கொடுத்தார். ஊருக்குத் திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்று அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். பெரியப்பாவின் கடிதம் ஆடியில் வந்தது.

சென்னையிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வரும். கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தின் சிவந்த கட்டடங்களையும் பற்றி எழுதுவார். ஞாயிறுகளில் அந்தச் சாலையில் நடப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. 'இங்கே கல்லூரிக்குள் போகப் பெரிய பெரிய வாசல்கள் இருக்கின்றன. ஆனால் உண்மையான வாசல் அலுவலகத்தின் சன்னல்தான். நான் சன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், வாசலுக்கு வெளியே நிற்கிறேன்' என்று ஒருமுறை எழுதினார். என் கணவர் வீட்டு முகவரிக்கு இங்கிலீஷ் பாடமும் எழுதி அனுப்புவார். நான் இங்கிலீஷ் படிக்கக் கற்றது அந்தக் கடிதங்களில்தான்.

1956இல் மறுபடி விண்ணப்பித்தார், அழைப்பு வரவில்லை. வயது வரம்பின்படி 1957தான் கடைசி வாய்ப்பு.

அந்த இடைக்காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை உறவினர்கள் அறிய வேண்டும். சேர்க்கைப் பட்டியல் கையெழுத்துக்குப் போகும் நாளில், கிராமத்து முகவரிகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தம் கையால் ஒரு தபால் கார்டு எழுதிப் போடுவார். 'எங்கள் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு தந்தி வரும். அது துக்கச் செய்தி அல்ல. வந்தவுடன் பிரியுங்கள்.' கார்டை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. தபால்காரரே படித்துச் சொல்லிவிடுவார். மேலாளர் கேலி செய்தாராம், "என்னய்யா, தந்தி வருதுன்னு சொல்ல ஒரு தபாலா?" ஆனாலும் தடுக்கவில்லை. தருமபுரிப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர், தந்தியைத் தானியக் குதிரில் போட்டு மூடி வைத்திருந்ததாகவும் கார்டு வந்த பிறகுதான் எடுத்துப் பிரித்ததாகவும் பதில் எழுதினார். அண்ணன் அந்தப் பதிலை எனக்கு அனுப்பிவைத்தார்.

எங்களுக்கும் அதே ஏற்பாடுதான். 1957 பொங்கலுக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னார், "இந்த வருஷம் எனக்கு நல்ல சேதின்னா மொதல்ல கார்டு வரும், அப்புறம்தான் தந்தி. பயப்படாதீங்க." அப்பா காதில் தந்தி மட்டும்தான் விழுந்தது. "வரட்டும். இந்தத் தடவ ஒரு நிமிஷம்கூட வச்சிருக்க மாட்டேன்" என்றார்.

அந்த ஆனியில் எனக்கு வளைகாப்பு. போலகத்து வீடு நிறையப் பெண்கள். இடது கைக்கு வளையல் அடுக்கி முடித்து, வலது கையை நீட்டச் சொன்னார்கள்.

"கையத் தளர்த்துடி. வளையலா இது, விலங்கா? இப்படி வெறைச்சுக்கிறே" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் சைக்கிள் மணி கேட்டது.

அப்பா வாசலுக்கு ஓடினார். உறையை வாங்குவதற்கு முன்பே தந்திச் சேவகரின் கையில் சர்க்கரையைக் கொட்டினார். "என் மவனுக்கு இடம் கெடச்சிருச்சு, தின்னுங்க!" என்றார். தபால்காரர் அன்று காலையும் அதற்கு முன் மூன்று நாளும் எங்கள் வீட்டைக் கடந்து போனதை நான் பார்த்திருந்தேன்.

"அப்பா, கார்டு வரலையே" என்றேன்.

அவர் அதற்குள் கிழித்துவிட்டார். கிழித்துப் பிரித்து, படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

அண்ணன் மருத்துவமனையில் இருக்கிறார், நிலை மோசம், உடனே வரவும் என்று இருந்தது. அண்ணனோடு அறையில் தங்கியிருந்த நண்பரின் பெயர் கீழே இருந்தது. "என்னடி, எப்ப சேரணுமாம்?" என்று அத்தை கேட்டார். வலது கைக்கும் வளையல் போட்டு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அண்ணனின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

பட்டினத்து ஜவுளி வியாபாரியான சாயபு மாமா, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து, "அல்லா இருக்கான், கெளம்புங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்து ரயிலேற்றி, கூடவே போனார். மறுநாள் காலை அவர்கள் போய்ச் சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அண்ணனின் உயிர் பிரிந்திருந்தது. விஷக் காய்ச்சல். வயது இருபத்திரண்டு. அஸ்தியைக் காரைக்கால் கடலில் கரைத்தோம்.

அண்ணனின் பெட்டியில் நான்கு சட்டைகள், வரைபடக் கருவிகள், அப்பாவின் முகவரி எழுதிய ஒரு தபால் கார்டு ஆகியவை இருந்தன. 'அடுத்து வரும் தந்தி நல்ல தந்திதான். பயப்படாமல் பிரியுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. பட்டியல் அப்போது தயாராகியிருக்கவில்லை என்று மேலாளர் சொன்னார். ஆகவே அது நம்பிக்கையில் எழுதி வைத்தது. அண்ணன் எழுதியவற்றில் தேதி இல்லாதது அது ஒன்றுதான்.

இரவு பகல் பாராமல் அண்ணனைக் கவனித்துக்கொண்ட அறை நண்பருக்கும், ஈமக் காரியங்களைச் சென்னையில் முன்நின்று நடத்திய கல்லூரி அலுவலக மேலாளருக்கும், அப்பாவை ஒரு நொடியும் தனியே விடாத சாயபு மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. சைகோனிலிருந்து நலமாகத் திரும்பி, இம்மலரின் அச்சு வேலையை ஏற்றுக்கொண்ட பெரியப்பா அவர்களுக்கும் நன்றி. படத்தில் உள்ள அந்தச் சட்டைப்பையைப் பார்க்க முடியாமல் அவர் அந்தப் பக்கத்தை மட்டும் மூடியே வைத்து அச்சுப்பிழை திருத்தினார்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் எங்கள் தந்திச் சேவகர். அண்ணனின் பதினாறாம் நாள் அவர் மறுபடி வந்தார். மணி அடிக்கவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, "நான் என்ன பண்ணட்டும்மா, என் கையில வந்துருச்சு" என்று தலை குனிந்து நின்றார். அப்பாவின் பெயருக்குச் சென்னையிலிருந்து வந்த தந்தி. அண்ணன் மறைந்தது தெரியாத தேர்வுக் குழுவினர் அனுப்பியதாக இருக்கலாம். அப்பா அதை வாங்கிச் சிறிது நேரம் கையில் வைத்திருந்து, அண்ணனின் கார்டோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

உறையின் மேல் இருந்த முத்திரையின் தேதியை என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். ஓர் ஆண்டாகக் கார்டும் பிரிக்காத தந்தியும் என் பெட்டியில் இருக்கின்றன. அண்ணன் சொல்லி நாங்கள் இன்னும் செய்யாதது அது ஒன்றுதான்.

கண்ணீருடன்,
தங்கை
போலகம், ஆனி 1958