ஒன்றும் வரக்கூடாது என்று வந்தவள்

1995 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காந்திபுரத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தோல் டாக்டரைப் பார்க்க வள்ளியாத்தாள் படியேறிப் போனாள். டாக்டர் சித்திகா தனியாகக் கிளினிக் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வள்ளியாத்தாளைவிட நாலைந்து வயது இளையவர்.

"என்னங்க அக்கா, என்ன தொந்தரவு?"

"தொந்தரவு ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. இனிமேலும் ஒண்ணும் வரக்கூடாதுன்னு வந்தேனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தேமல், படை, முகப்பரு என்று வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தார். எதுவுமே இல்லாமல் ஒருத்தி வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

வள்ளியாத்தாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பிறந்தது கொடுமுடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர்களின் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்தில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் அவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தாள். கணவன் தம்பிதுரைக்குக் கணபதியில் ஒரு பவுண்டரியில் வேலை. துடியலூரில் வாடகை வீடு. மகள் எழில் எட்டாவது படித்தாள்.

காந்திபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில், கீழ்த்தளத்துப் பட்டுச்சேலைப் பிரிவில், வள்ளியாத்தாள் பத்து வருஷமாக நின்றாள். கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்ததும், அவர்கள் வாய் திறக்கும் முன்பே எந்தக் கலரை எடுப்பது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டினால் அந்தச் சேலை பெரும்பாலும் விற்றுப்போகும்.

அந்த ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள், அவளோடு நின்ற பழனியாத்தாளை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். ரவிக்கைத் துணி அளந்து வெட்டும் வேலை. பழனியாத்தாளுக்கு நாற்பத்தொரு வயது. "காலுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்குமுங்க" என்றார் மேனேஜர் வெள்ளியங்கிரி. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தை யாரும் நம்பவில்லை; முகத்தில் வயசு தெரிந்தால் மேலே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணி பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு பழனியாத்தாள் படியேறிப் போனதை வள்ளியாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் கடைக் கண்ணாடியில் தன் கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகளைக் கண்டாள். அதுதான் அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தது.

டாக்டர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, லென்ஸை வைத்துக் கன்னத்தைப் பார்த்தார்.

"இப்ப முகத்துக்கு என்ன போடறீங்க?"

வள்ளியாத்தாள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்பு கன்னத்தில் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சின்ன ட்யூப் ஒன்று கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மங்கு போனது, முகமும் பளிச்சென்று ஆனது. அன்றிலிருந்து பட்டாணி அளவு எடுத்து, பவுடர் போடும் முன் தினமும் தேய்க்கிறாள். கடைப் பெண்களுக்கும் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, அது ரெண்டு வாரத்துக்குப் போடற மருந்துங்க. நீங்க ஏழு வருஷம் போட்டிருக்கீங்க. தோல் வெங்காயச் சருகாட்டம் மெலிஞ்சு கெடக்குது. இங்க பாருங்க, செவப்பா நூல் நூலாத் தெரியுது. ரத்தக்குழாய் அது."

கண்ணாடியில் வள்ளியாத்தாள் பார்த்தாள். அதை ரோஜா நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உடனே நிறுத்தோணும். நிறுத்துனா மொதல்ல முகம் செவக்கும், எரியும், பொரிப் பொரியா வரும். மூணு நாலு மாசம் ஆகும் அடங்க. அதுக்கப்புறந்தான் நீங்க கேட்ட வைத்தியமெல்லாம்."

"தீபாவளிக்கு ரெண்டு மாசந்தானுங்களே இருக்குது!"

"தெரியுதுங்க. கத்தியில்லாம ஊசியில்லாம முகத்துல கோடு விழாமச் செய்யறதுக்கு நானும் கத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா இந்தத் தோல் மேல இப்ப எதையும் வைக்க மாட்டேன்." ஒரு சாதாரணக் களிம்பும், வெயிலுக்குப் பூசும் க்ரீமும் எழுதிக்கொடுத்தார். குடை பிடிக்கச் சொன்னார்.

பத்தாம் நாள் முகம் தக்காளியாகச் சிவந்தது. தண்ணீர் பட்டாலே எரிந்தது. தீபாவளிக் கூட்டம் தொடங்கும் சமயம் அது. வெள்ளியங்கிரி அவளை ஏறிட்டுப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு மேல இருங்கம்மா" என்றார். வள்ளியாத்தாள் மூன்றாவது மாடிக்குப் போனாள். பழனியாத்தாள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் தம்பிதுரை சொன்னான்: "பண்டிகை முடியற வரைக்கும் அந்தப் பழைய ட்யூபையே போட்டுக்க புள்ள. உன்ற மூஞ்சியப் பாக்க எனக்கே மனசு கேக்கல."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து ட்யூபை எடுத்தாள். பாதிக்கு மேல் இருக்கும்போது வைத்தது. இப்போது கடைசிவரை பிதுக்கித் தட்டையாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். எழில் ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பதிமூன்று வயதுக் கன்னம் மெழுகு பூசினது போல் மினுங்கியது. ஓரத்தில் பூனைமுடி கறுத்திருந்தது.

"கண்ணு, இதை நீ எடுத்தியா?"

எழில் தலைகுனிந்துகொண்டாள்.

"எப்பயிருந்து?"

"லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்ததிலிருந்து. உங்கம்மா செவப்பா இருக்காங்க, நீ மட்டும் ஏன் இப்பிடின்னு கேக்கறாங்கம்மா."

வள்ளியாத்தாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷமாக தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று தேய்த்தது அவள்தானே. பின்னாலிருந்து பிள்ளை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ட்யூபைக் குப்பையில் போட்டாள். அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

"நாலு மாசந்தானே போட்டிருக்குது, சரியாப்போயிரும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் வள்ளியாத்தாள் அழுதாள். தன் முகத்துக்காக அவள் ஒரு தடவைகூட அழுதிருக்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது கடைப் பெண்களிடம், முகத்துக்குப் போடுவதை எடுத்துக் காட்டச் சொன்னாள். பதினாலு பேரில் ஒன்பது பேரிடம் அதே ட்யூப்.

"நாஞ் சொல்லித்தான் வாங்குனீங்க. இப்ப நானே சொல்றேன், உட்டுப்போடுங்க. ஆனா டாக்டரைக் கேட்டுட்டு உடுங்க."

தையில் கல்யாணம் வைத்திருந்த சண்முகப்ரியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மூஞ்சி இப்பிடி ஆயிப்போச்சுன்னு எங்களையும் கெடுக்கப் பாக்கறீங்களாக்கா?" என்றாள். அதன்பின் அவள் வள்ளியாத்தாளிடம் பேசவே இல்லை. கல்யாணப் பத்திரிகையும் வைக்கவில்லை. மற்றவர்களில் ஆறு பேர், ஒருவர் பின் ஒருவராகக் கிளினிக் படியேறினார்கள்.

தை பிறந்தபோது வள்ளியாத்தாளின் முகம் அடங்கியிருந்தது. பழைய பளபளப்பு இல்லை, சொந்த நிறம் திரும்பியிருந்தது. வெள்ளியங்கிரியே மாடியேறி வந்து, "முகூர்த்த சீசனுங்க. கீழ வந்துருங்க, நீங்க இல்லாம சேலை நகர மாட்டேங்குது" என்றார். அதே வாரத்தில் டாக்டர் சித்திகாவும் கேட்டார்: "இங்க வேலைக்கு வந்துருங்களேன் அக்கா. வர்றவங்க எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் உங்ககிட்டச் சொல்றாங்க."

அவள் நாலு நாள் யோசித்தாள். பட்டுச்சேலை அவளுக்குப் பிடித்த வேலை. கையில் புதுப்பட்டின் மடிப்பு விரியும்போது வரும் வாசத்தை விட்டுவிட்டு வருவது லேசாக இல்லை. கடைசியில் வெள்ளியங்கிரியிடம் போய், "மறுபடியும் நாற்பது வயசுல மேல ஏற என்னால முடியாதுங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள். அவர் தலையாட்டினார். அவள் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் ஊரே மாறிப்போனது. ஒன்றுமில்லாத முகத்தோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். மில் முதலாளி வீட்டுப் பெண்கள், பாங்கு ஆபீசர்கள், காலேஜ் பிள்ளைகள், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள். பழ அமிலம் பூசித் துடைக்கும் சிகிச்சைக்கு முன்கூட்டியே நாள் வாங்க வேண்டியிருந்தது. டாக்டரைப் பார்க்கும் முன் எல்லோரும் வள்ளியாத்தாளிடம்தான் உட்கார வேண்டும்.

"ஏனுங்க அம்மணி, இப்ப என்ன தேய்க்கறீங்க? பையில இருக்கறதையெல்லாம் இப்பிடி மேசை மேல வைங்க பாக்கலாம்" என்பாள். கூச்சப்படுகிறவர்களிடம் தன் கதையைச் சொல்வாள். யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. முகத்தை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களின் பயம் அவளுக்குத் தெரியும்.

1999இல், வள்ளியாத்தாளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது, "இப்ப உங்க தோல் தாங்கும், செஞ்சுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவள், "ஆசையாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். குளிர்ச்சியாக அந்தப் பழ அமிலத்தைப் பூசினார்கள். கொஞ்சம் சுறுசுறுவென்றது. எழுந்து கண்ணாடி பார்த்தபோது பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும், வெளியே உட்கார்ந்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிடப் போகும்போது, அவள் தன்னையறியாமல் ஒருமுறை கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.