நாலாம் நம்பரில் அண்ணன்

வீட்டில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். வேலை கிடைத்ததால் வந்த பெயர் அல்ல, கிடைக்காததால் வந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். வரலாறு படித்தாள். மூன்று வருடம் பள்ளி பள்ளியாக விண்ணப்பம் கொடுத்து அலுத்துப்போய், கூடத்திலேயே தெருப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். அண்ணன் கிண்டலுக்கு வைத்த பெயரில் கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிரிண்டர் அண்ணன் அறையில், இரும்பு அலமாரி மேல் இருந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவன். தன் வேலைக்காக வாங்கினான். வைஃபை வழியாக வீட்டில் எல்லோரும் அதில் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கிய அன்று பெருமையாகச் சொன்னவனும் அவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மூன்று மணிக்கு அவள் வினாத்தாளை அனுப்பினாள். பிரிண்டர் ஆஃப்லைன் என்றது லேப்டாப். உள்ளே போய்ப் பார்த்தால் பிரிண்டரோ எனக்கென்ன கேடு என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அண்ணன் தன் போனில் ஒரு ரசீதைத் தட்டினான். சர்ரென்று வந்து விழுந்தது.

"என் போன்ல வருது. உன் லேப்டாப்ல வரலைன்னா கோளாறு யாருகிட்ட?"

பட்டம் வாங்கியவளுக்கு ஒரு பொத்தானை ஒழுங்காக அமுக்கத் தெரியாதா என்று அண்ணன் மேலும் நாலு வார்த்தை பேசினான். அவன் வாங்கின பொருள், அவன் சொல்றபடி கேட்டுட்டுப் போயேன் என்று அப்பா கூடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே நீ அதுல கைவைக்காத. வேணுங்கறத எனக்கு அனுப்பு. நான் பார்த்துட்டுப் போட்டுத் தரேன்."

அந்தப் 'பார்த்துட்டு'தான் சுருக்கென்று தைத்தது. இன்றைக்குப் பார்ப்பான். நாளைக்கு, இத்தனை பக்கம் எதுக்கு என்பான். மாதம் ஒன்று போனால் அவளுடைய டியூஷன் அவன் முகம் பார்த்துத்தான் நடக்கும்.

"அனுப்ப மாட்டேன்ணே."

"அப்ப பரீட்சை?"

"நடக்கும்."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த கைவைத்தியம் ஒன்று இருந்தது. லேப்டாப்பில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேலை செய்யும். இதற்கு முன் மூன்று ஞாயிறு யாருக்கும் தெரியாமல் அதைத்தான் செய்தாள். இன்றும் அதையே செய்தால் அடுத்த ஞாயிறு இதே வழக்கு, இதே தீர்ப்பு. வேண்டாம் என்று வைத்தாள்.

எந்திரத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? தேதி கேட்கத் தெரியும். எப்போது கெட்டது, அதற்கு முன் என்ன நடந்தது. படித்தது அது ஒன்றைத்தான். போனைத் திறந்து, பரீட்சை கொஞ்சம் தாமதம் என்று பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அனுப்பிய செய்திகளைத் தேடினாள். எல்லாமே ஞாயிறு. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் தகராறு இல்லை. அதற்கு முந்தின நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். யாரும் வெளியே போகவில்லை. மற்ற சனிக்கிழமை எல்லாம் குடும்பத்தோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். போகும்போது ஃப்ரிட்ஜைத் தவிர அத்தனை சுவிட்சையும் அணைக்காமல் அப்பா கதவைப் பூட்ட மாட்டார். மில்லில் ஒரு தீவிபத்தைக் கண்ணால் பார்த்தவர்.

பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தாளை அதனிடமே வாங்கினாள். வீட்டு வைஃபையில் அதன் எண் ஏழு என்றிருந்தது. லேப்டாப்போ நாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வைஃபையில் எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து நாலில் யார் என்று பார்த்தாள்.

அண்ணனுடைய போன்.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மின்சாரம் போய் வந்தால் ரூட்டருக்குப் பழசெல்லாம் மறந்துபோகிறது. முதலில் வருகிறவருக்கு முதல் எண். போன்கள் முந்திக்கொள்கின்றன. பிரிண்டர் சோம்பல் முறித்து எழுந்துவருவதற்குள் அதன் இடம் பறிபோகிறது. அண்ணன் போன் ஒவ்வொரு தடவையும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடுகிறது. அவளுடைய லேப்டாப் பழைய விலாசத்திலேயே போய்க் கதவைத் தட்டுகிறது.

ஐம்பதாம் எண்ணைப் பிரிண்டருக்கென்றே ரூட்டரில் ஒதுக்கினாள். லேப்டாப்பிலும் அதையே எழுதினாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் கண்ணெதிரே மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"நில்லு."

ஒரு நிமிடம் கழித்து ஏற்றினாள். போன்கள் ஓடிப்போய் இடம்பிடித்தன. பிரிண்டர் சாவகாசமாக எழுந்தது. அவள் கூடத்திலிருந்து அனுப்ப, முதல் தாள் வந்தது, இரண்டாவது வந்தது, பதினான்கும் வந்தன. அப்பா எழுந்துபோய் ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சரி, பரவால்ல. இனிமே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டுக்கோ."

"சொல்ல மாட்டேன்ணே. எல்லாருக்கும் பொதுன்னு வாங்கின, எனக்கும் பொதுதான்."

கோளாறு தன் பக்கமே இருந்திருந்தால் இந்தக் குரல் வந்திருக்குமா என்று தாள்களை அடுக்கும்போது யோசித்தாள். வந்திருக்காது. வந்திருக்க வேண்டும். அது அவளை உறுத்தியது.

வாசலில் செருப்புகள் விழும் சத்தம் கேட்டது. அவள் அண்ணனை விலகச் சொல்லிவிட்டு, தாள்களோடு கூடத்துக்குப் போனாள்.