கால்சாவில் இன்னொரு மொந்தீனி

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்த எங்கள் மன்னார் ஆட்களில் பாதிப்பேருக்கு ஒரே புனிதரின் பெயர். கோயில் முற்றத்தில் ஒருவரைக் கூப்பிட்டால் ஒரு கூட்டமே திரும்பும். அதனால் வேலை செய்யும் வீட்டின் குடும்பப் பெயராலேயே ஆளை அழைப்போம். நான் குடியிருந்தது கால்சாப் பகுதியில். வேலைக்குப் போன லிபெர்த்தாத் தெரு வீட்டில் நான் பார்த்துக்கொண்ட கிழவரின் பெயர் மொந்தீனி. ஆகவே நான் மொந்தீனி அண்ணை.

அது பிரெஞ்சுப் பெயர் என்பதில் கிழவருக்கு மகா பெருமை. பிரான்சில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டாம். அதிலொன்றுதான் அவர்களுடைய பூர்வீகமாம். நான் சவரம் செய்துவிடும்போதெல்லாம், அந்தப் பெயர் தாங்கிய ஒரு தளபதி, ஓர் ஆயர், ஓர் ஓவியர் என்று அடுக்குவார். பிள்ளை இல்லாத மனிதர். "இந்தப் பெயர் என்னோடை சரி" என்று முடிப்பார்.

ஒருநாள் தொலைபேசியை வைத்தவர் துள்ளிக் குதிக்காத குறை. எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த குருவானவர், கால்சாவில் இன்னொரு மொந்தீனி இருப்பதாகவும் தமிழரெல்லாம் அவரை மரியாதையாக அழைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மதியம் அவருக்கு இங்கே விருந்து. கூட்டிவர வேண்டியவன் நான். சமைக்க வேண்டியவன் நான். வர வேண்டியவனும் நானே!

பெயரைத் திருடியவன் என்று துரத்தினால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும், அதாவது நாட்டில் தங்கும் அனுமதியும், போகும். அன்று மாலை வீட்டுக்குப் போனேன்.

"வேறை ஆரையும் மொந்தீனியா நடிக்க விட்டால் என்ன?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஓம், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நானே வாறன். உண்மையைச் சொல்லுங்கோப்பா. கிழவர் கடிச்சுப்போடுவாரே? அவரின்ரை பல்லைக் கழுவி வைக்கிறதே நீங்கள்தானே!"

ஞாயிறு, கிழவர் கழுத்துப்பட்டி கட்டி மேசையில் உட்கார்ந்திருந்தார். "ஆள் எங்கை?"

"இஞ்சைதான் நிக்கிறன், சிஞ்ஞோர்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன்.

கிழவருடைய தோள் குலுங்கியது. நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடினேன். மனிதர் சிரிக்கிறார்!

"ஒருத்தருக்கும் சொல்லாதை. எங்கடை வம்சத்து முதல் ஆள், மொந்தீனி எண்ட ஒரு பிரபுவின்ரை குதிரையளைப் பராமரிக்க வந்தவன். அவனையும் சனம் எசமான்ரை பெயராலைதான் கூப்பிட்டது. தளபதி, ஆயர் எல்லாம் எசமான்ரை வம்சம். இரு, சாப்பிடு."

முதல் தடவையாக அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பதற்றத்தில் மீனுக்கு இரண்டு முறை உப்புப் போட்டிருந்தேன் போல. கிழவர் ஒரு வாய் வைத்தார், மெல்லத் தண்ணீர் குடித்தார்.

"குடும்பத்து ஆள் எண்டபடியால் சொல்லுறன்," என்றார், "வாயிலை வைக்கேலாது."