ராசியில்லாத வேன்

ரொசாரியோ நகரத்தில் பர்ராங்காஸ் கால்பந்து கிளப்பின் விடுதிப் பையன்கள், வேன் ஓட்டுகிற எவாரிஸ்தோவின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவருடைய வேன் வாசலில் வந்து நின்றால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன்கூட மேசைக்கடியில் கையைக் கொண்டுபோய்க் கால்சட்டையின் இடது பக்கத்தைத் தொட்டுக்கொள்வான். ராசி கெட்டவன் எதிரே வந்தால் அந்த ஊர் ஆண்கள் செய்கிற பரிகாரம் அது. எவாரிஸ்தோ கவனிக்காதவர் போல வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். மனைவி நெலிதா இறந்துபோன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பையன்கள் கூச்சலாவது காதில் விழட்டும் என்றுதான் கிளப் வேலைக்கு வந்தார். வடக்கே எங்கெங்கிருந்தோ பொறுக்கி எடுத்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள். பள்ளிக்கூடம், பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆட்டம் என்று வேன் போகிற இடமெல்லாம் பாட்டும் கும்மாளமும்தான். அவர் பக்கத்து இருக்கைக்கு அடிதடி நடக்கும்.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு நல்ல எண்ணம். "உன்னால் இதற்கு மேல் வராது, ஊருக்குப் போ" என்று கிளப் அனுப்பிவிட்ட பையன் ஒருவன், வீட்டுக்குப் போக முகமில்லாமல் பஸ் நிலையத்து பெஞ்சிலேயே இரண்டு நாள் கிடந்திருக்கிறான். விடுதியை நடத்திய மிர்த்தா சபாலா அதைக் கேட்டு அழுதுவிட்டாள். மறுநாளே எவாரிஸ்தோவைக் கூப்பிட்டாள்.

"இனிமே அனுப்புற பையன் யாரா இருந்தாலும் நீங்கதான் கொண்டுபோய் ஏத்திவிடணும். இறக்கிவிட்டுட்டு வந்துடாதீங்க. பஸ் நகர்ற வரைக்கும் நிக்கணும்."

"அதுக்கென்ன செஞோரா, நிக்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னார் அவர்.

அந்த டிசம்பரில் பயிற்சியாளர்கள் கூடிப் பேசினார்கள், பட்டியலிலிருந்து பெயர்கள் விழுந்தன, பையன்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார்கள். மற்றவர்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார்கள். தனியாக அந்த வேனில் ஏறினவன் திரும்பி வருவதில்லை என்பது அவர்களுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. அடுத்த ஆண்டு வேனுக்கு 'பிண வண்டி' என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போதுகூடப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களே தவிர முன்னால் ஒருவனும் வரவில்லை. பாட்டு நின்றது.

ராசியில்லாதவர் என்ற பேச்சு விடுதிச் சுவரைத் தாண்டி ஊருக்குள்ளும் போயிற்று. பரம எதிரி அணியோடு பெரிய ஆட்டம் வரப்போகிற வாரம், கறிக்கடை தாந்தே தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தோன் எவாரிஸ்தோ, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம மைதானத்துப் பக்கம் வராம இருக்க முடியுமா?"

"என்னடா குண்டா, கிண்டலா? நான் சின்னப் பையன்லேர்ந்து வர்றவன்."

"தெரியும். ஆனா கடைசியா நீங்க வந்த மூணு ஆட்டமும் ஊத்திக்கிச்சு. நான் சொல்லல, பசங்க சொல்றாங்க."

எவாரிஸ்தோ சிரித்தார். தாந்தே சிரிக்கவில்லை. கேட்காமலே இரண்டு சாசேஜை அதிகமாகப் பொட்டலத்தில் வைத்துக் கட்டினான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே இருந்தார். கிளப் ஜெயித்துத் தொலைத்தது. அதன் பிறகு போக நினைத்தாலும் போக முடியாதபடி ஆகிவிட்டது.

இப்படிச் சில வருடங்கள் போன பின் ஏவர் எஸ்பிந்தொலா வந்தான்.

வடக்கே கொரியென்த்தெஸ் பக்கத்து ஆற்றங்கரைப் பையன். தடுப்பாட்டக்காரன். பதினாறு வயதில் "கால் மெதுவா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். எவாரிஸ்தோ அவனைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் சாலையை அறுத்துவிட்டது, வடக்கே ஒரு பஸ்ஸும் போகாது என்றார்கள். விடுதியில் அவன் கட்டிலில் அதற்குள் வேறொருவன் துணியை வைத்திருந்தான்.

"வா, என் வீட்டுக்குப் போவோம். தண்ணி வடியட்டும்" என்றார்.

மழை நாளென்றால் அந்த ஊரில் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்துத் தின்பார்கள். நெலிதா போன பிறகு எவாரிஸ்தோ அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே வைத்ததில்லை. அன்று பொரித்தார். பாதி கருகிப்போயிற்று. ஏவர் எதுவும் பேசாமல் அத்தனையையும் தின்று தீர்த்தான். மூன்றாம் நாள் கிளப்பிலிருந்து தொலைபேசி வந்தது. இளையோர் அணியில் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கால் போயிற்று, இன்னொருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆளில்லை.

"அந்தப் பையன் போயிட்டானா?" என்று மிர்த்தா கேட்டாள்.

"இங்கதான் தூங்கிட்டிருக்கான்."

சனிக்கிழமை ஏவர் ஆடினான். அதற்கடுத்த சனியும் ஆடினான். இரண்டு வருடத்தில் முதல் அணி. இன்னும் இரண்டு வருடத்தில் கடல் தாண்டி ஐரோப்பா. கிளப் வாசல் சுவர் முழுக்க அவன் முகத்தை வரைந்து, 'எங்கள் பயிற்சிப் பள்ளியின் பிள்ளை' என்று எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களிடம் பயிற்சித் தலைவர், "நல்ல காலு எங்க கண்ணுக்குத் தப்பவே தப்பாது" என்று சொல்வதை எவாரிஸ்தோ வேனுக்குள்ளிருந்தே கேட்டார். மறுத்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. ஏவர் பிறகு அவரைக் கூப்பிட்டதில்லை. அதையும் அவர் குறையாக நினைக்கவில்லை. மூன்று நாள் பழக்கம்தானே.

ஆனால் ஏவர் ஒருநாள் தொலைக்காட்சியில் பேசினான். "என்னைத் துரத்திட்டாங்க. அன்னிக்கு வெள்ளம் வரலேன்னா நான் இப்போ ஊர்ல மீன் பிடிச்சிட்டிருப்பேன். வேன் ஓட்டுறவர் வீட்டுல மூணு நாள் கருகுன ரொட்டி தின்னுட்டுக் கெடந்தேன், அங்கேர்ந்துதான் கூப்பிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் காலை வேன் கதவைத் திறந்ததும் முன் இருக்கைக்கு நான்கு பையன்கள் முண்டியடித்தார்கள். "தோன் எவா! தோன் எவா!" என்று ஒரே சத்தம். ஒருவன் அவர் தோளைத் தடவி, அந்தக் கையைத் தன் பூட்ஸில் தேய்த்துக்கொண்டான். தாந்தே கறிக்கடையிலிருந்து ஓடிவந்து, "ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துருங்க, என் பக்கத்துலயே உக்காருங்க" என்றான். எவாரிஸ்தோ போகவில்லை. ஆனால் அன்று மாலை, வீடு வரைக்கும் வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டு போனார்.

அந்தச் சந்தோஷம் டிசம்பர் வரைக்கும்தான்.

முதல் பையன் வேனில் ஏறியதும், "பஸ் நிலையம் வேணாம் தோன் எவா, உங்க வீட்டுக்குப் போங்க" என்றான். "மூணே நாள். அவங்க கூப்பிடுவாங்க." எவாரிஸ்தோவுக்கு மறுக்க மனம் வரவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டார். மாவும் பொரித்தார். மூன்று நாளும் பையன் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அது அடிக்கவே இல்லை. நான்காம் நாள் அவனைப் பஸ்ஸில் ஏற்றியபோது, முன்பெல்லாம் பையன்கள் அழுததைவிட அதிகமாக அழுதான். அடுத்தவனும் வந்தான், அவனையும் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாமவனுக்கு எவாரிஸ்தோ முடியாது என்று சொல்லிவிட்டார்.

"ஏவருக்கு மட்டும் செஞ்சீங்க" என்றான் அந்தப் பையன். "எனக்குன்னா கசக்குதா?"

எவாரிஸ்தோ வண்டியைப் பஸ் நிலையத்துக்கே விட்டார்.

நான்காவது, மில்டன் அயாலா. சாக்கோ மாகாணத்திலிருந்து வந்த மில்டன், ஓட்டத்தில் யாருக்கும் சளைக்காதவன். பஸ் நிலையத்தில் அவன் வேனை விட்டு இறங்கவே இல்லை. கெஞ்சவுமில்லை, அழவுமில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய பஸ் வந்தது, போனது.

"எறங்குடா ஒல்லி. சாயங்காலம் இன்னொரு வண்டி இருக்கு."

"போய் என்ன சொல்றது? எங்க தெருவே பஸ் ஏத்திவிட வந்துச்சு. பாதிரியார் மணி அடிச்சாரு."

"ஒன்னும் சொல்ல வேணாம்."

"நீங்க சொல்லுவீங்களா?"

அவன் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டானோ என்னவோ. எவாரிஸ்தோ வேனை ஓரமாக நிறுத்திப் பூட்டினார். சாயங்கால வண்டியில் அவனோடு தானும் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் மில்டன் தூங்கினான். அவன் தலை அவர் தோளில் சாய்ந்தது. தோள் மரத்துப்போன பிறகும் அவர் அசையவில்லை. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். நல்ல பையன் என்று சொல்லலாமா? நல்ல பையனை ஏன் அனுப்பினீர்கள் என்பார்கள். கால் போதவில்லை என்று சொன்னால், இத்தனை வருடம் எதற்கு வைத்திருந்தீர்கள் என்பார்கள்.

காலையில் மில்டனின் ஊரான வில்லா ஆங்கெலாவில் இறங்கினார்கள். செம்மண் தெரு. மில்டனின் அம்மா ரமோனா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பின்னால் நின்ற கிழவரைப் பார்த்தாள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார்.

"செஞோரா, நான் கிளப்புலேர்ந்து..." என்று தொடங்கினார்.

அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "எளைச்சுப் போயிட்டியே. அங்க சோறு போட்டாங்களா இல்ல பந்தையே தின்னச் சொன்னாங்களா?" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள். "அடுப்ப மூட்டுங்கடி, அண்ணன் வந்துட்டான்!"

தங்கைகள் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மத்தியானம் கறி சுட்டார்கள். எவாரிஸ்தோவை மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தட்டு காலியாகக் காலியாக ரமோனா நிரப்பினாள். எதிரே தங்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மில்டன் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தான். அதைப் பார்த்ததும் எவாரிஸ்தோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். இதுவரைக்கும் பஸ் நகர்கிற வரைக்கும்தான் நின்றிருக்கிறார். போய்ச் சேர்கிற இடத்தில் இப்படி ஒரு மேசையும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மற்ற பையன்களுக்கு இருந்ததா என்று அவருக்குத் தெரியாது.

"ராத்திரி தங்கிட்டுப் போங்களேன்" என்றாள் ரமோனா.

"வேல இருக்கும்மா" என்று பொய் சொல்லிவிட்டு மாலை வண்டியில் ஏறினார். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. தொப்பியை எடுத்து அதில் வைத்தார்.

ஊர் திரும்பியதும் மிர்த்தாவிடம் போனார்.

"பள்ளிக்கூடம், டாக்டர், ஆட்டம், எல்லாத்துக்கும் ஓட்டுறேன். பஸ் நிலையத்துக்கு மட்டும் என்னால முடியாது."

"வேற யாரு போவாங்க எவாரிஸ்தோ?"

மிர்த்தா மேசை டிராயரைத் திறந்து தன் கார்ச் சாவியை எடுத்தாள். அன்று அனுப்ப வேண்டிய பையனை அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது. எவாரிஸ்தோ விடுதிக் கொல்லையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் தாழ்வான மதில்மேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வழியில அவங்ககிட்ட என்னதான் பேசுவீங்க?"

"தெரியல செஞோரா. கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவே இல்ல."

அவர் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். மைதானத்தில் மிச்சமிருந்த பையன்கள் பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் உள்ளே போனாள். எவாரிஸ்தோ கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.